புற்றும் ஈசலும்

அக்காவின் ஸ்கேன் அறிக்கையை நான் முதலில் படித்தது மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் முதுகெலும்பைப் பற்றி இரண்டே வரி. ஏழு வருடங்களுக்கு முன் மார்பில் வந்த நோய் அது. ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்து, மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டுக்கொண்டு, வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனை என்ற நிலைக்கு வந்திருந்தாள். டாக்டர் அதிகம் பேசவில்லை. "எலும்புக்குப் பரவியிருக்கு. மருந்து இருக்கு, பார்த்துக்கலாம்" என்றார்.

வண்டியில் ஏறியதும் அக்கா கேட்டாள். "ஏன்டா, மார்பில இருந்ததைத்தான் அன்னைக்கே வெட்டி எடுத்தாச்சே. இல்லாத இடத்துல இருந்து எப்படிடா பரவும்? இது புதுசா வந்த எலும்புப் புற்றுநோயா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்; உயிரியலைப் பள்ளியோடு விட்டவன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்கு முதலில் கோபம் வந்தது நோயின் மேல்கூட இல்லை, 'பரவுதல்' என்ற சொல்லின் மேல்.

எதையெல்லாம் பரவுகிறது என்கிறோம்? தீ பரவும். வதந்தி பரவும். தாளில் சிந்திய எண்ணெய் பரவும். எல்லாமே இடைவெளி விடாமல், தொட்ட இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு போகிறவை. அக்காவின் மனதில் இருந்த படமும் அதுதான். மார்பில் தொடங்கி முதுகு வரை உள்ளுக்குள் ஒரு கறை ஊறிக்கொண்டே போயிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். மார்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் நோய் எதுவுமே இல்லை என்பதை அவளுக்குப் புரியவைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

இந்தக் கறைப் படம் அக்காவுக்கு மட்டும் வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற பெரிய அறுவை மருத்துவர் இதை நம்பினார். நோய் கட்டியிலிருந்து அங்குலம் அங்குலமாக நிணநீர்ப் பாதை வழியே வெளியே ஊர்கிறது. அதனால் கறை எட்டிய தூரத்துக்கும் சற்று அப்பால் வெட்டிவிட்டால் தீர்ந்தது என்பது அவர் கணக்கு. மார்பகம், அதன் கீழுள்ள நெஞ்சுத் தசை, அக்குளில் உள்ள நெறிக்கட்டுகள் எல்லாம் போயின. கை வீங்கி, நெஞ்சு குழி விழுந்து பெண்கள் வாழ்ந்தார்கள். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு இப்படிப் போயிற்று. பெர்னார்ட் ஃபிஷர் என்ற இன்னொரு அமெரிக்க அறுவை மருத்துவர்தான் 1970களில் இதைச் சோதனைக்கு உட்படுத்தினார். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்த பெண்களும், மார்பகத்தை முழுதாக எடுத்த பெண்களும் 20 ஆண்டுகள் கழித்தும் ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள். வெளியேற வேண்டிய செல்கள் கத்தி வருவதற்கு முன்பே வெளியேறிவிட்டிருந்தன. மனதில் இருக்கும் படம் தப்பானால் கத்தியும் தப்பான இடத்துக்குப் போகும்.

அக்காவின் முதல் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. வெட்டி எடுத்த இடத்திலிருந்து எதுவும் போகவில்லை. போனது அதற்கு முன்னால்.

சரி, கறை இல்லை என்றால் வேறு என்ன? இங்கே நம் மொழி தானாகவே ஒரு படத்தைத் தருகிறது. கிரேக்கர்கள் இந்த நோய்க்கு நண்டின் பெயரை வைத்தார்கள். நாம் புற்று என்றோம். புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். மழை விட்ட மாலையில் ஆயிரக்கணக்கில் பறக்கும். பறவை தின்றது போக, பல்லி தின்றது போக, விளக்கடியில் சிறகுதிர்ந்து செத்தது போக, ஈரமான மண் வாய்த்த ஒரு ஜோடி எங்கோ புது வளை தோண்டும். அடுத்த புற்று அங்கே எழும்பும். அக்காவின் முதுகெலும்பில் நடந்தது இதுதான்.

கிளம்புவதே அந்தச் செல்லுக்குப் பெரிய வேலை. நம் உடலின் தோல், பால் சுரப்பி, குடல் போன்ற இடங்களில் மேற்பரப்பில் உள்ள செல்கள் பக்கத்துச் செல்லோடு கைகோத்து நிற்பவை. அந்தப் பிடிக்கு ஈ-கேட்ஹரின் என்ற புரதம் முக்கியம். பல புற்றுநோய்ச் செல்களில் இந்தப் பிடி தளர்கிறது. பிடியைத் தளர்த்தும் மரபணுக்கள் நோய்க்காகப் புதிதாக உருவானவை அல்ல. தாயின் வயிற்றில் நாம் சில வாரக் கருவாக இருந்தபோது, ஒரே தட்டாக இருந்த செல்களில் சில பிடியை விட்டு உள்ளே நகர்ந்துதான் எலும்பும் தசையும் உண்டாயின. காயம் ஆறும்போதும் இதே ஏற்பாடு கொஞ்சம் விழிக்கிறது. நோய்ச் செல் மூடிவைத்த பழைய பக்கத்தைத் திறந்து படிக்கிறது, அவ்வளவுதான். பிடியை முழுக்க விட்டால்தான் நகர முடியும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இப்போது அந்தக் கருத்து ஆட்டம் கண்டிருக்கிறது. பாதிப் பிடியோடு, கூட்டமாக, முன்னால் ஒன்று வழிகாட்டப் பின்னால் மற்றவை தொடர்ந்து வருவதும் நிறைய நடக்கிறது.

இன்னொரு கட்டுப்பாடும் உடைகிறது. 1950களில் மைக்கேல் அபர்கிராம்பி கண்ணாடித் தட்டில் செல்கள் ஊர்வதைப் படம்பிடித்துப் பார்த்தார். சாதாரணச் செல் இன்னொன்றின் மேல் முட்டினால் நின்று, சுருங்கி, வேறு பக்கம் திரும்பிப் போய்விடும். கூட்ட நெரிசலில் நல்ல மனிதர்கள் செய்வதைப் போல. புற்றுநோய்ச் செல்கள் அந்த மரியாதையைப் பார்க்கவில்லை. முட்டிய பிறகும் அதே திசையில் போய்க்கொண்டிருந்தன.

நடை எப்படி? முன்பக்கம் ஒரு நாக்கை நீட்டும், அதைத் தரையில் ஒட்டிக்கொள்ளும், பின்பக்கத்தை இழுத்துக்கொள்ளும். அட்டை ஊர்வதைப் பார்த்திருந்தால் புரியும். நாக்கை நீட்டுவது ஆக்டின் என்ற நார். இழுப்பது தசையில் இருக்கும் அதே மயோசின். இந்த நடையில் வேகம் ஒரு நிமிடத்துக்கு ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுகூடத் தேறாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நிற்காமல் நடந்தாலும் ஒரு முழு நாளில் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆனால் ரத்தக் குழாய்க்குள் விழுந்துவிட்டால் ஒரு நிமிடத்தில் உடலையே ஒரு சுற்று வந்துவிடலாம். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் எல்லாம்.

அந்தத் தூரமும் வெட்டவெளி இல்லை. கொலாஜன் நார்கள் நெருக்கமாகப் பின்னிய வலை. வழி இரண்டு. ஒன்று, நாரைக் கரைக்கும் நொதிகளைக் கசியவிட்டு வெட்டிக்கொண்டு போவது. இன்னொன்று, உருண்டு திரண்டு, இருக்கிற சந்து வழியே பிதுங்கிப் போவது. வெள்ளை அணுக்கள் இப்படித்தான் போகும். 1990களில் மருந்து நிறுவனங்கள் முதல் வழியை அடைக்கப் பெரும் முயற்சி செய்தன. நொதியைத் தடுக்கும் மாத்திரைகள் ஆய்வகத்தில் அற்புதமாக வேலை செய்தன. நோயாளிகளிடம் தோற்றன, மூட்டுவலிதான் மிஞ்சியது. சோதனையில் சேர்ந்தவர்களில் பலருக்குச் செல்கள் ஏற்கெனவே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தன. கதவைப் பூட்டினார்கள், ஆனால் வீடு காலி. அப்புறம், 2003இல் பீட்டர் ஃப்ரீடலின் குழு காட்டியது இன்னும் சங்கடமானது: வெட்டும் வழியை அடைத்தால் சில செல்கள் பிதுங்கும் வழிக்கு மாறிக்கொள்கின்றன.

பிதுங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பிடித்தது என்று சொல்லலாமா தெரியவில்லை. பூனை தலை நுழைகிற சந்தில் உடம்பையும் நுழைத்துவிடும். செல்லுக்குத் தலை என்பது அதன் உட்கரு. மற்றதெல்லாம் கூழ், உட்கரு மட்டும் விறைப்பு. அதன் குறுக்குப் பரப்பு சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை அது நசுங்கிக்கொடுக்கும். அதற்குக் கீழே, ஏறக்குறைய 7 சதுர மைக்ரானில், செல் சிக்கிக்கொள்கிறது. அந்த எல்லைக்கு அருகே போகும்போது உட்கருவின் உறை கிழிந்து டிஎன்ஏ வெளியே எட்டிப் பார்க்கிறது. 2016இல் இரண்டு குழுக்கள் இதை உயிருள்ள செல்களில் பார்த்தன. கிழிசலைச் செல் ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டு மேலே போகிறது, ஆனால் டிஎன்ஏவில் சேதம் நேர்ந்திருக்கிறது. நோய்க்கு அந்தச் சேதமே புது வழிகளைத் திறந்துவிடலாம். கஷ்டப்பட்ட பயணம் பயணியை மாற்றிவிடுகிறது.

உதவிக்கு ஆள் வேறு உண்டு. உடலைச் சுத்தம் செய்ய வேண்டிய மேக்ரோபேஜ் செல்களே மார்பகக் கட்டிகளில் வழித்துணையாக மாறுவதை ஜான் காண்டீலிஸ் குழுவினர் எலிகளில் உயிரோடு படம்பிடித்தார்கள். புற்றுநோய்ச் செல் மேக்ரோபேஜுக்குப் பிடித்த ஒரு புரதத்தைச் சுரக்கிறது; மேக்ரோபேஜ் பதிலுக்குப் புற்றுநோய்ச் செல்லுக்குப் பிடித்த ஒன்றைச் சுரக்கிறது. ஒன்றை ஒன்று இழுத்தபடி நார் வழியே ரத்தக் குழாயின் வாசல்வரை வந்துவிடுகின்றன.

ரத்தத்துக்குள் எத்தனை விழுகின்றன? எலிகளின் மார்பகக் கட்டியில் 1975இல் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு கிராம் கட்டியிலிருந்து ஒரு நாளில் 30 முதல் 40 லட்சம் செல்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள்தான் மறுபக்கத்தைப் படித்தேன். மனிதர்களில் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்தத்தை எடுத்துத் தேடினால், 7.5 மில்லிலிட்டரில் ஐந்து செல் கிடைத்தாலே அதிகம் என்று டாக்டர்கள் கவலைப்படுகிறார்கள். மீதியெல்லாம் செத்துப்போகின்றன. ரத்த ஓட்டம் அடிக்கும் அடி, பிடிமானம் இல்லாமை, எதிர்ப்புச் சக்தியின் படையான இயற்கைக் கொல்லி செல்கள் என்று எமன்கள் பல. தப்பிக்கிறவற்றில் சில ரத்தத் தட்டுகளைப் போர்வையாகப் போர்த்திக்கொள்கின்றன. சில கொத்தாகப் போகின்றன; 2014இல் எலிகளில் பார்த்தபோது, தனியாகப் போகும் செல்லைவிடக் கொத்துக்குப் புதுக் கட்டியை உண்டாக்கும் திறன் 23 முதல் 50 மடங்கு இருந்தது.

2022இல் வந்த ஓர் ஆய்வை அக்காவிடம் சொல்லாமல் மறைக்கப் பார்த்தேன், அவளே எங்கோ படித்துவிட்டாள். மார்பகப் புற்றுநோய் உள்ள 30 பெண்களின் ரத்தத்தை அதிகாலை நான்கு மணிக்கும் காலை பத்து மணிக்கும் எடுத்துப் பார்த்தார்கள். கிடைத்த நோய்ச் செல்களில் 78 சதவீதத்துக்கு மேல் தூக்க நேரத்து ரத்தத்தில் இருந்தன. பகலில் தூங்கும் எலிகளில் பகலில் அதிகம். உடலின் நாள் கடிகாரத்தை ஒட்டி ஹார்மோன்கள் ஏறி இறங்குவதோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது. "அப்போ நான் தூங்காம முழிச்சிருக்கவா?" என்று கேட்டாள் அக்கா. தூக்கத்தைக் கெடுத்துக்கொள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ரத்தம் எடுக்கும் நேரத்தையும் மருந்து கொடுக்கும் நேரத்தையும் யோசிக்கச் சொல்கிறது. எட்டு மணி நேரம் தூங்கு என்று திட்டினேன்.

ஆனால் பயணத்தில் சாவதைவிடப் பெரிய வடிகட்டல் வேறு இடத்தில் இருக்கிறது. 1998இல் கனடாவில் சில ஆய்வாளர்கள் மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்களை எண்ணி எலிகளின் கல்லீரலுக்குச் செலுத்தி ஒவ்வொன்றாகக் கண்காணித்தார்கள். கணக்கன் என்பதால் எனக்கு இந்த ஆய்வின் மேல் தனிப் பிரியம். உள்ளே போனதில் 80 சதவீதம் ரத்தக் குழாயிலிருந்து வெளியேறிக் கல்லீரலுக்குள் உயிரோடு போய்விட்டன. பயணம் வெற்றி. ஆனால் சிறு கட்டியாகப் பெருகத் தொடங்கியவை 50இல் ஒன்று. கண்ணுக்குத் தெரியும் கட்டியானவை 5,000இல் ஒன்று. மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பதின்மூன்றாம் நாளிலும், சாகாமலும் பெருகாமலும் தனித்தனியாகச் சும்மா உட்கார்ந்திருந்தன.

போய்ச் சேர்வது வேறு, குடியேறுவது வேறு. இதை நூறு வருடத்துக்கு மேல் முன்பே ஒருவர் ஊகித்திருந்தார். 1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பாஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தார். கல்லீரலில் நோய் இருந்தது 241 பேருக்கு. மண்ணீரலில் 17 பேருக்கு. ரத்தம் இரண்டுக்கும்தான் போகிறது. தற்செயல் என்றால் இவ்வளவு ஓரவஞ்சனை ஏன்? விதை எங்கும் விழும், ஒத்துப்போகிற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். மண்வாகு என்று நாம் சொல்வதுதான். பிறகு 1920களில் ஜேம்ஸ் யூயிங், மண்ணும் இல்லை விதையும் இல்லை, எல்லாம் குழாய் அமைப்புதான் என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு: குடலிலிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போவதால்தான் குடல் புற்றுநோய் பெரும்பாலும் அங்கே முதலில் இறங்குகிறது. எந்த ஊரில் இறங்குவது என்பதில் குழாய்க்குப் பங்கு உண்டு, ஆனால் வேர் விடுவதை முடிவு செய்வது மண் என்பது என் புரிதல்.

இதை மனிதர்களிலேயே காட்டிய ஒரு சம்பவத்தை நான் மறக்கவே மாட்டேன். முற்றிய கருப்பைப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய் போன்றவற்றில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த அவஸ்தையைக் குறைக்க, ஒரு குழாய் வைத்து வயிற்று நீரைக் கழுத்து ரத்தக் குழாய்க்குத் திருப்பிவிடுவார்கள். நீரில் கோடிக்கணக்கில் புற்றுநோய்ச் செல்கள். அத்தனையும் தினமும் நேராக ரத்தத்தில் கலந்தன. 1984இல் இத்தகைய நோயாளிகளைப் பற்றி டேவிட் டாரின் குழு எழுதியது. நுரையீரல் முழுக்கக் கட்டிகள் வந்திருக்க வேண்டும் அல்லவா? பலருக்கு அப்படி எதுவும் வரவில்லை.

அக்காவின் செல்களுக்கு வாய்த்த மண் எலும்பு. எலும்பு நாம் நினைப்பதுபோல் செத்த கல் அல்ல. ஒரு வகைச் செல் அரித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை நிரப்பிக்கொண்டே இருக்கும். எலும்புக்குள் வளர்ச்சியூக்கிகள் சேமிப்பில் இருக்கின்றன. மார்பகச் செல் அங்கே வந்து, அரிக்கும் செல்லைத் தூண்டிவிடுகிறது. அது அரிக்க அரிக்க, சேமிப்பு வெளியே கசிகிறது. அந்தக் கசிவைக் குடித்து நோய்ச் செல் பெருகுகிறது, இன்னும் அதிகமாகத் தூண்டுகிறது. அக்காவுக்கு இப்போது போடுகிற எலும்பு ஊசி நேரடியாக நோய்ச் செல்லைக் கொல்வதில்லை. அரிக்கிற ஆளை அடக்கி, இந்தச் சுழலை அறுக்கிறது. ஊசியின் வேலையை நான் படம் வரைந்து காட்டியபோதுதான் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அப்படியானால் ஏழு வருடம் அது என்ன செய்துகொண்டிருந்தது? தூங்கியது. கல்லீரல் ஆய்வில் சும்மா உட்கார்ந்திருந்தவற்றைப் போல. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் 20 ஆண்டு கழித்துக்கூடத் திரும்புவது பதிவாகியிருக்கிறது. 2003இல் வெளியான ஒரு செய்தி இதைவிடத் திகிலானது. ஒருவருடைய இரண்டு சிறுநீரகங்களும் அவர் இறந்தபின் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன. இருவருக்கும் மெலனோமா வந்தது. கொடுத்தவருக்கு 16 வருடங்களுக்கு முன் மெலனோமா இருந்து, குணமானதாகவே கருதப்பட்டிருந்தது. அவர் உடலில் காவல் இருந்தவரை அடங்கியிருந்த செல்கள், மாற்று உறுப்புக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கிய உடல்களில் விழித்துக்கொண்டன.

நடுவில் ஒரு சண்டை. முதுகெலும்பிலிருந்து ஊசியால் துளி எடுத்துப் பயாப்ஸி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். பெரியம்மா போனில் அழுதாள். "ஊசி, கத்தி பட்டா கொட்டிக் கவுத்த மாதிரி பரவிடும், வேண்டாம்னு சொல்லுடா." இந்தப் பயத்தில் பாதி, கறைப் படத்தின் வேலை. மீதிப் பாதி, ஆபரேஷன் செய்துபார்த்து முற்றிய நோயைக் கண்டுபிடித்த பழைய காலத்தின் நினைவு. ஊசித் தடத்தில் நோய் முளைப்பது அரிது. விரைப்பை போன்ற சில இடங்களில் அதற்காகவே வேறு முறை வைத்திருக்கிறார்கள். கட்டி தினமும் தானாகவே லட்சக்கணக்கில் உதிர்க்கிறது பெரியம்மா, ஊசி எந்த மூலைக்கு என்றேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள். எல்லா உண்மையையும் எல்லோரிடமும் சொல்லக் கூடாது.

பயாப்ஸி எடுத்தோம். முதுகெலும்பில் இருந்தவை மார்பகச் செல்கள். ஹார்மோனுக்குப் பதில் சொல்லும் குணமும் மாறவில்லை. அதனால்தான் எலும்புப் புற்றுநோய்க்கான மருந்து இல்லாமல், மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரையைக் கொடுத்தார்கள். அக்காவின் இரண்டாவது கேள்விக்கு அந்த ஒற்றைத்தாள் அறிக்கை பதில்.

போன மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தோம். பக்கத்து நாற்காலியில் அக்காவைவிடச் சின்னவளாக ஒரு பெண், மடியில் கோப்பு. கல்லீரலில் இருக்கிறதாம். மார்புக்குக் கொடுத்த மருந்தையே கொடுக்கிறார்களே, கல்லீரலுக்குக் கொடுக்க வேண்டாமா, மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா, சரியாத்தான் குடுக்குறாங்க" என்றாள் அக்கா. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் பெண்ணின் கோப்பின் பின்னட்டையில் ஒரு வட்டம் போட்டாள், தள்ளி இன்னொரு வட்டம். நடுவில் கோடு இழுக்கவில்லை. சின்னச் சின்னதாக நிறையப் புள்ளி வைத்தாள், ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். பாதியில் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். பேனாவை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.